இரண்டு பாதங்களையும் தினமும் பார்க்கவும்

மூன்றாமாண்டு செவிலியர் மாணவி ஒருவர் திருத்தக் கொடுத்த கேர் பிளான், அதாவது நோயாளியைப் பராமரிக்கும் திட்டம், அது. நோயாளி அறுபத்தெட்டு வயது முதியவர். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எழுத்தில் ஒரு பிழை கிடையாது. நோயாளி சொல்வது, நாம் பார்த்தது, பிரச்சினை, இலக்கு, செய்ய வேண்டிய பணி, அதற்கான காரணம் எனக் கட்டம் கட்டமாக, பாடநூலைவிடத் துப்புரவாக இருந்தது. நடுவில் ஒரு வரி: 'இரண்டு பாதங்களையும் தினமும் பார்க்கவும். விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்கவும். இரு கால்களுக்கும் பொருத்தமான காலணி அணிய அறிவுறுத்தவும்.' அந்த முதியவரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

மாணவி சோம்பேறி அல்லர். காலை ஏழரைக்கு வார்டு, மதியத்துக்கு மேல் வகுப்பு, இரவு விடுதியில் ரெக்கார்டு நோட்டு என்று ஓடுகிற பிள்ளை. பதினொரு மணிக்கு மேல் கைப்பேசியை எடுத்து, 'சர்க்கரை நோயாளிக்கு ஒரு கேர் பிளான் வேண்டும்' என்று ஏஐயிடம் கேட்டிருக்கிறார். வந்ததை நோட்டில் எழுதிவிட்டார். வந்த பதிலில் மருத்துவத் தவறு எதுவும் இல்லை. சர்க்கரை நோயாளியின் பாதங்களைத் தினமும் பார்க்கத்தான் வேண்டும். உலகத்துச் சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலோருக்கும் அந்தப் பதில் பொருந்தும். பன்னிரண்டாம் எண் கட்டிலில் படுத்திருந்தவருக்குப் பொருந்தவில்லை.

செவிலியர் படிப்பில் ஏஐ என்று பேச்செடுத்தாலே 'பிள்ளைகள் காப்பியடிக்கிறார்கள்' என்ற ஒரே புகாரில் போய் நின்றுவிடுகிறோம். காப்பி நமக்குப் புதிதா என்ன? சீனியர் அக்காவின் பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதாத தலைமுறை எது? நானும் எழுதியவள்தான். ஆனால் இப்போது வந்திருப்பது அந்தப் பழைய ரெக்கார்டு அல்ல. அதனால் அடியிலிருந்தே சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த ஏஐ, அதாவது ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவு என்பது நாம் கேட்டதும் புதிதாக எழுதியோ வரைந்தோ பேசியோ தருகிற கணினி நிரல். ஓபன்ஏஐ நிறுவனம் 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடியை வெளியிட்ட பிறகுதான் அது எல்லோர் கைக்கும் வந்தது. பிறகு ஜெமினி, கிளாட், கோபைலட் என்று வரிசை கட்டின. உள்ளே நடப்பதை ஒரு சின்ன விளையாட்டால் புரிந்துகொள்ளலாம். 'காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் ஈரத்துணி' என்று நான் நிறுத்தினால் 'போடவும்' என்று நீங்கள் முடிப்பீர்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம். இந்த நிரல்களும் கணக்கற்ற பக்கங்களைப் படித்துவிட்டு, இந்தச் சொற்களுக்குப் பின் பெரும்பாலும் எது வரும் என்பதைக் கணக்கிட்டு, துண்டு துண்டாகப் பதிலைக் கோக்கின்றன. கோப்பதில் மகா கெட்டிக்காரர்கள். ஆனால் ஈரத்துணி போடச் சொல்வதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற கை அவற்றுக்கு இல்லை.

அதனால்தான், தெரியாத இடத்திலும் அவை தயங்குவதில்லை. இல்லாத ஆய்வுக்கு ஆசிரியர் பெயரும் இதழின் பெயரும் பக்க எண்ணும் கொடுத்துவிடும். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் சாட்ஜிபிடி கொடுத்த, எந்த நீதிமன்றமும் வழங்காத தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இதற்கு 'மாயத்தோற்றம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வார்டில் வேலை பார்த்த எனக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. மாயத்தோற்றம் காண்கிற நோயாளியின் கண்ணிலேயே கலக்கம் தெரியும், பேச்சு குழறும். இது சலனமே இல்லாமல், கைகட்டி நிற்கும் நல்ல மாணவனைப் போலத் தவறைச் சொல்கிறது. வழக்கறிஞருக்கு அபராதத்தோடு போயிற்று. நமக்கு எங்கே போய் முடியும் என்பதை இன்சுலினை வைத்துப் பார்க்கலாம்.

நம் ஊரில் புழங்கும் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் கொண்டவை. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பது ஒரு மி.லி.க்கு 100 யூனிட். அந்தச் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. இங்கேயும் இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100தான். ஆக, ஒரே வார்டில் இரண்டும் இருக்கும். மருத்துவர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். '20 யூனிட் என்றால் எத்தனை மி.லி.?' என்று குப்பியின் செறிவைச் சொல்லாமல் கேட்டால், 0.2 மி.லி. என்று பதில் வரவே வாய்ப்பு அதிகம். ஏனென்றால் ஏஐ படித்தவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம். அதிலும் அமெரிக்க நூல்களும் இணையப் பக்கங்களும் ஏராளம். 100 யூனிட் குப்பிக்கு அது சரியான பதில். கையில் இருப்பது 40 யூனிட் குப்பி என்றால், 0.2 மி.லி.யில் இருப்பது 8 யூனிட்தான். சரியான அளவு 0.5 மி.லி.

தலைகீழாகவும் நடக்கலாம். 100 யூனிட் குப்பியிலிருந்து, சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மி.லி. அதாவது 50 யூனிட். எழுதியதைப் போல இரண்டரை மடங்கு. இரவில் போட்டால், அந்த நோயாளி வியர்த்து நடுங்கி நினைவு தப்புவதை யாராவது விழித்திருந்து பார்த்தால் உண்டு.

இங்கே ஏஐ பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அது வேறொரு நாட்டு மருந்து அலமாரியை மனப்பாடம் செய்திருக்கிறது, அவ்வளவுதான். ரத்தச் சர்க்கரையை நாம் மில்லிகிராமில் சொல்கிறோம், பிரிட்டனில் மில்லிமோலில் சொல்கிறார்கள். அங்கேயும் இதே ஆபத்து. நெறிமுறை பேசுகிறவர்கள் இதைச் 'சார்பு' என்பார்கள். சார்பு என்றதும் யாரோ யாரையோ வெறுப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். யாருடைய உலகத்தைப் பார்த்து எழுதினார்களோ, அந்த உலகம் மட்டுமே உலகம் ஆகிவிடுவதும் சார்புதான்.

தோலின் கதையும் அப்படித்தான். படுக்கைப் புண்ணின் முதல் நிலைக்கு அடையாளமாக 'அழுத்தினால் வெளுக்காத சிவப்பு' என்று மேலைநாட்டுப் பாடநூல்களில் படித்திருப்போம். வெள்ளைத் தோலில் சிவப்பு தெரியும். நம் தாத்தா பாட்டிகளின் முதுகடியில் அது சிவப்பாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, நிறம் மாறியோ இருக்கலாம். புறங்கையால் தொட்டு, அந்த இடம் மட்டும் சூடாகவோ குளிர்ந்தோ கெட்டிப்பட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். பழைய பாடநூல்களின் குறையை அவற்றைப் படித்து வளர்ந்த இயந்திரமும் வாங்கிக்கொண்டிருக்கிறது. கறுத்த தோலில் எப்படித் தெரியும் என்று தனியாகக் கேட்டால் நன்றாகவே சொல்கிறது. கேட்க வேண்டும் என்று மாணவிக்குத் தெரிந்திருந்தால்தானே?

உலக சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியில் இத்தகைய பெரிய ஏஐ மாதிரிகளை மருத்துவத் துறையில் பயன்படுத்துவது குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட பரிந்துரைகள் அதில் உண்டு. அது எச்சரிக்கும் ஆபத்துகளில் ஒன்று, இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம் கண்ணுக்குத் தெரிவதையே தள்ளிவிடுகிற பழக்கம். அனுபவமுள்ள சிஸ்டருக்கு இந்தப் பழக்கம் தொற்றினால் பத்து ஆண்டு வேலை செய்த கை தடுத்து நிறுத்தும். முதலாமாண்டு மாணவிக்குத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அதனால்தான் இதை மருத்துவமனையின் சிக்கலாக மட்டும் பார்க்காமல் படிப்பின் சிக்கலாகப் பார்க்கிறேன்.

அடுத்தது ரகசியம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து ஏஐயில் போட்டு, 'இதை வைத்துக் கேஸ் ஸ்டடி எழுதிக் கொடு' என்று கேட்பது இன்று ஒரு நிமிட வேலை. அந்தப் படத்தில் பெயர், வயது, ஊர், உள்நோயாளி எண், கைப்பேசி எண், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் இருக்கின்றன. அது போய்ச் சேர்வது எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிக்கு. இலவசச் சேவைகள் பலவற்றில், நாமே அமைப்பில் போய் மாற்றாவிட்டால், நாம் கொடுத்தது அடுத்த பயிற்சிக்கும் பயன்படக்கூடும். நோயாளி தன் உடம்பை நம்மிடம் காட்டியது குணமாவதற்காக. நம்முடைய உள்மதிப்பெண்ணுக்காகத் தன் விவரங்களை அங்கே அனுப்ப அவர் சம்மதித்தாரா? யாரும் கேட்கவே இல்லை.

'பெயரை அழித்துவிட்டேன் மேடம்' என்பார்கள். மலைக்கிராமம் ஒன்றில் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பெற்ற பத்தொன்பது வயதுப் பெண் என்று எழுதினால் பெயர் எதற்கு? அந்த வட்டாரத்தில் டீக்கடையில் கேட்டால்கூட வீட்டைக் காட்டிவிடுவார்கள். சட்டமும் இங்கே சும்மா இல்லை. ஒருவருடைய எச்ஐவி நிலையை அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. அதே 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியின் விவரங்களைக் காக்கச் சொல்கிறது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. இவற்றை வகுப்பில் சட்டப் பாடமாக நடத்துகிறோம். கைப்பேசியின் காமிராவைத் திறக்கும்போது அவை நினைவுக்கு வருவதில்லை.

நான் என் மாணவிகளுக்குச் சொல்வது இதுதான். கேட்க வேண்டுமானால் இல்லாத ஒருவரைப் படைத்துக்கொண்டு கேளுங்கள். 'கால் எடுக்கப்பட்ட ஒரு முதியவருக்கு முதல் வாரத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?' என்பது பொதுக் கேள்வி, கேட்கலாம். கட்டில் எண்ணோடு ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

இனி நேர்மை. இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கேர் பிளானில் 'நோயாளி சொல்வது' என்ற முதல் கட்டத்தில், 'எனக்கு மிகவும் சோர்வாக இருக்கிறது, அடிக்கடி தாகம் எடுக்கிறது' என்று மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தது. அந்த முதியவர் அப்படிச் சொல்லவே இல்லை. ஏஐ ஒரு சர்க்கரை நோயாளி சொல்லக்கூடியதைச் சொல்ல வைத்திருக்கிறது. பக்கத்து மாணவியின் நோட்டைப் பார்த்து எழுதுவது ஒரு தப்பு. நோயாளி சொல்லாததை அவர் வாயில் வைப்பது வேறு வகைத் தப்பு. இன்று ரெக்கார்டு நோட்டில் செய்தது நாளை வார்டில் செவிலியர் எழுதும் பதிவான நர்ஸஸ் நோட்ஸில் வரும். அங்கே பார்க்காத நாடித்துடிப்பை எழுதினால் அதற்குப் பெயர் காப்பி அல்ல, மோசடி ஆவணம்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குச் செவிலியர் கல்வித் துறைக்குள்ளேயே ஒரு சுவையான சம்பவம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'நர்ஸ் எஜுகேஷன் இன் பிராக்டிஸ்' என்ற சர்வதேச இதழில் ஒரு தலையங்கம் வந்தது. பொருள், செவிலியர் கல்வியில் ஏஐ. எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள் இருந்தன: ஒருவர் பல்கலைக்கழக ஆசிரியர், இன்னொன்று சாட்ஜிபிடி. ஆய்வுலகில் சலசலப்பு எழுந்தது. பிறகு திருத்தம் வெளியிட்டு இயந்திரத்தின் பெயரை நீக்கினார்கள். பதிப்பு நெறிமுறைகளைக் கவனிக்கும் கோப் என்ற அமைப்பும் அந்தப் பிப்ரவரியில் ஏஐ ஆசிரியராக இருக்க முடியாது என்று அறிவித்தது. காரணம் எளிது. தவறு வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும். வார்டிலும் அதேதான். மருந்து கொடுத்த நேரத்துக்கு எதிரே கையெழுத்துப் போடுகிற செவிலியருக்குத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் ஒரு பதிவு எண் உண்டு. 'ஆப் சொன்னது' என்று எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

சரி, யார் ஏஐயை வைத்து எழுதினார்கள் என்று கண்டுபிடித்துத் தண்டித்துவிடலாமே என்பார்கள் சில ஆசிரியர்கள். கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பித் தண்டனை கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் கணக்குப்படியே, ஏஐ எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை ஏஐ எழுதியதாகத் தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அவர்களே மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டை 'ஏஐ எழுதியது' என்று கருவிகள் குற்றம் சாட்டின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுவதுதான் டோஃபல் எழுதியவர்கள் செய்த குற்றம்.

இது யாரைப் போய் அடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, பி.எஸ்சி. நர்சிங்கில் முதல் நாளே உடற்கூறியலை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிற பிள்ளையைத்தான். அவர் சொந்தமாக எழுதிய ஆங்கிலத்தையே இயந்திரம் 'உன்னுடையது அல்ல' என்று சொல்லும்.

அந்தப் பிள்ளைக்கு ஏஐ ஒரு வரம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இதயத்தின் நான்கு அறைகளில் ரத்தம் போகும் வழியை, புரியும்வரை பத்து முறை தமிழில் கேட்கலாம். 'இதுகூடத் தெரியாதா' என்று யாரும் முறைக்க மாட்டார்கள். முன்பு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் டியூஷனாகக் கிடைத்தது இப்போது விடுதி மொட்டைமாடியில் கிடைக்கிறது. ஆனால் காசு கட்டும் பதிப்பு ஒரு தரம், இலவசப் பதிப்பு ஒரு தரம் என்பதால் இங்கேயும் ஏற்றத்தாழ்வு நுழைந்துவிட்டது. கல்லூரியே எல்லோருக்கும் ஒரே கருவியைக் கொடுக்காமல் 'பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகச் சொல்வது, செருப்பில்லாத பிள்ளையையும் சேர்த்து ஓட்டப் பந்தயத்துக்கு அழைப்பது போல.

சுகாதாரக் கல்வி தரும்போது ஒன்று கவனித்திருக்கிறேன். ஏஐயிடம் தமிழில் உரை கேட்டால் இலக்கணம் பெரும்பாலும் சரியாக இருக்கும், கேட்பவர் விழிப்பார். 'அழுத்தக் காயம்' என்று அது எழுதும். மக்கள் படுக்கைப் புண் என்பார்கள். நெஞ்சைக் கரிக்கிறது, மேல்மூச்சு வாங்குகிறது, கை கால் மதமதப்பாக இருக்கிறது என்று வார்டில் சொல்வதெல்லாம் அதன் பட்டியலில் மெலிந்துதான் இருக்கின்றன. அந்தச் சொற்களைப் பொறுக்கி எடுத்துச் சேர்ப்பதைப் பயிற்சியாகவே வைக்கலாம், நல்ல பயிற்சி.

இன்னொரு நல்ல பயன், நோயாளியாக நடிக்கச் சொல்வது. 'நீ ஊசிக்குப் பயந்து மறுக்கிற ஒரு பெரியவர். நான் உன்னைப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும்' என்று சொன்னால் ஏஐ அழகாக மறுக்கும். தப்பாகப் பேசினாலும் யாருக்கும் காயமில்லை. ஒரே குறை, அது கேட்டதற்கெல்லாம் முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறது. நிஜ நோயாளி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த முதுகோடு பேசக் கற்றுக்கொள்ள வார்டுதான் வழி.

ஆசிரியர்களான நம்மைப் பற்றியும் ஒரு சொல். வினாத்தாளை ஏஐயிடம் கேட்டு வாங்குகிறோம். விடைத்தாளைத் திருத்தவும் கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம். மாணவி பயன்படுத்தினால் குற்றம், நாம் பயன்படுத்தினால் நேர மிச்சமா? எதற்குப் பயன்படுத்தினேன் என்று மாணவி நோட்டின் கடைசியில் இரண்டு வரி எழுத வேண்டும் என்றால், வினாத்தாள் எடுத்தவரும் எழுத வேண்டும். என் வகுப்பில் இப்போது அப்படித்தான். கேர் பிளானைத் திருத்துவதையும் மேசையிலிருந்து கட்டிலருகே மாற்றிக்கொண்டேன். நோட்டை நான் வைத்துக்கொள்வேன். மாணவி நோயாளிக்குப் பக்கத்தில் நின்று வாயால் சொல்ல வேண்டும். நேரம் மூன்று மடங்கு ஆகிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சக ஆசிரியர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அந்த மாணவியிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது திட்டவில்லை. 'நாளைக்குச் சாயங்காலம் தாத்தா பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வா' என்று மட்டும் சொன்னேன். மறுநாள் ஆறு மணிக்கு வந்தார். முதியவர் முதல் இருபது நிமிடம் எதுவும் பேசவில்லையாம். போர்வையைச் சரிசெய்யும்போது மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: ராத்திரியானால் எடுத்துவிட்ட காலின் பெருவிரல் அரிக்கிறது, சொறியக் கையைக் கொண்டுபோனால் மெத்தைதான் இருக்கிறது, வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று மகனிடம்கூடச் சொல்லவில்லை. கால் எடுத்தவர்களில் மிகப் பலருக்கு இப்படி இருக்கும், இதற்குச் சிகிச்சையும் உண்டு என்று மாணவி அவருக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கால் எடுத்ததைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஏஐயும் இதைச் சொல்லியிருக்கும். பட்டியலில் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ.

நோட்டில் முதல் கட்டம் காலியாக இருந்தது.

"மேடம், அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதலாமா? 'மெத்தைதான் இருக்கிறது' என்பதையும் சேர்த்து?"

எழுதச் சொன்னேன்.